கழிவு போக

நீர்வேலிச் சந்திக்குக் கிட்ட வாழைக்குலை வாங்குகிற கொட்டகை ஒன்று இருக்கிறது. அதன் கூரை நடுவளையில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியது. இடப்புறம் கதலிக்குலைகள், வலப்புறம் இதரைக்குலைகள். வெட்டின காம்புகளிலிருந்து பால் சொட்டி நிலத்தில் கறுத்துக்கொண்டிருந்தது. பிள்ளை கண்ணை மூடவில்லை. முழங்காலை மடக்கிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக மேலிருந்து பார்த்தாள்.

"உது எவ்வளவு?" என்று கேட்டார் பௌதிகம் படிப்பிக்கிற சேர்.

வியாபாரி தன் மேசையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். கொக்கியிலிருந்து ஒரு வயர் அந்தப் பெட்டிக்குப் போகும். எண் அவர் பக்கம்தான் தெரியும். அவர் வாய் சொல்வதே சந்திக்கு எடை. "நாப்பத்து நாலு" என்றார்.

"தண்டோடையோ, தண்டில்லாமலோ?" என்றான் ஒரு பெடியன். எல்லாரும் சிரித்தார்கள்.

"உன்ரை தலையையும் சேர்த்துத்தான்ரா," என்றாள் அவள் தொங்கியபடியே. "அது வெறுங் காத்து. பாரம் காட்டாது."

தமிழ் படிப்பிக்கிறவள் நான். அது தூரத்துக்கு, இது பக்கத்துக்கு, உது இரண்டுக்கும் நடுவில், கேட்கிறவரின் கைக்கெட்டுகிற இடத்துக்கு. மற்றத் தமிழர் தொலைத்துவிட்ட சுட்டை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம் என்று வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வது என் வழக்கம். அன்று அந்தச் சொல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கைக்கெட்டுகிற தூரம்தான். ஒருவரும் இறக்கிவிடவில்லை, அவளாகக் குதித்தாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் மின்சாரப் பந்தயக் கார் செய்தார்கள். போட்டி தெற்கில். எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரே அளவு பற்றறி, ஒரு மணித்தியாலம்; அதற்குள் யார் கூடுதலான தூரம் ஓடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. குழுவில் பெண்பிள்ளை இருந்தால் பெண் ஆசிரியர் ஒருவரும் கூடப் போகவேண்டும் என்று அதிபர் என்னைப் பிடித்து அனுப்பினார். காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்கு நாலு சில்லு என்பது மட்டும். அதுவும் பிழை. எங்கடை காருக்கு மூன்று.

முதல் காரைக் கோப்பாயில் ஒரு வெல்டிங் கடையில் ஒட்டுவித்தார்கள். காலம் முழுக்கக் கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டியவர் அந்தக் கடைக்காரர். கையும் அதைத்தான் செய்தது. கார் படுத்துக் கிடக்கிற கேற்று மாதிரியே வந்தது. முன்பக்கத்தில் இரும்புத் தாமரை ஒன்றை வைத்து, "இது என்ரை அன்பளிப்பு" என்றும் சொன்னார். மைதானத்தில் உருட்டினால் ஆடுமாடு விலகிப் போகிற சத்தம். மூன்று சுற்றில் பற்றறி செத்துப்போனது.

முதல் திருத்தம் அந்தத் தாமரையை அறுத்தது. அதற்குப் பிறகு அறுக்கிறதே எங்களுக்கு மதமாயிற்று. தடித்த குழாயை எடுத்து மெல்லிய குழாய். மெல்லிய குழாயிலும் துளை. ஆணியின் தலையை அராவினார்கள். பிறேக் கம்பியின் நீளத்தைக் குறைத்தார்கள். ஒவ்வொரு பின்னேரமும் சேர் காரைச் சுற்றி நடந்து, "இதிலை எது இல்லாமலும் ஓடும்?" என்று கேட்பார். பெடியள் ஏதாவது ஒன்றைக் கழற்றிக் காட்டுவார்கள். கழற்ற ஒன்றுமில்லாமல் போன நாளில், எல்லாருடைய கண்ணும் உள்ளே இருக்கிற ஆளில் வந்து நின்றது.

உள்ளே இருந்தவள் கொழும்புத்துறைப் பிள்ளை. தகப்பன் கடலில் நண்டுக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்தில் இவளைவிடச் சின்ன உடம்புகள் இருந்தன; அணித் தலைவனின் தம்பியே இருந்தான், எட்டாம் வகுப்பு, தும்பு மாதிரி. ஆனால் ஓட்டத் தெரிந்தது இவளுக்கு. மற்றவர்கள் வளைவில் பிறேக் பிடித்து, பிறகு மின்சாரத்தை வாரி இறைத்து வேகம் எடுப்பார்கள். இவள் வளைவு வர முன்னமே காலை எடுத்துவிடுவாள். கார் தன் பாட்டில் வழுக்கிக்கொண்டு திரும்பும். தோணி பாயை இறக்கிவிட்டுக் கரைக்கு வருகிற மாதிரி ஒரு சோம்பல், ஆனால் மணிக்கூட்டில் பார்த்தால் அவள்தான் முன்னுக்கு.

"என்னத்துக்கடி உனக்கு இந்த ஓட்டம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கடை வீட்டிலை எல்லாரும் சண்டைக்குப் பயந்து ஓடின ஆக்கள் ரீச்சர்," என்றாள். "அம்மம்மா ஓடினவ, அம்மா ஓடினவ, வயித்திலை அண்ணையோடை ஓடினவ. ஒருத்தரும் ஓட்டினதில்லை."

அவளுடைய மாமா ஃபைபர் படகு பழுது பார்க்கிறவர். காருக்கு உடம்பு வார்த்துத் தருகிறேன் என்றார். இருக்கையும் உடம்பும் ஒரே வார்ப்பாய் இருந்தால்தான் பாரம் குறையும் என்று சேர் சொன்னார். அதற்கு அச்சு எங்கே? மாமா பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், வற்று நேரத்து ஈரச் சேற்றில் காரில் கிடக்கிற மாதிரியே படுக்கச் சொன்னார். அவள் அசையாமல் கிடந்தாள். நண்டுக்குஞ்சு ஒன்று காதோரமாய் ஏறிப் போனது. எழும்பினபோது சேற்றில் அவளுடைய முதுகு, தோள், தொடை எல்லாம் பதிந்திருந்தது. அதன்மேல் பொலித்தீன் விரித்து, கண்ணாடி நார் பரப்பி, பசை ஊற்றி அவர் வார்த்தெடுத்தார். மேல்மூடியையும் அதோடு பொருத்தினார். கடல்நீல நிறம். கிட்டப் போனால் படகு மணம்.

அந்தக் காரை அவள் கொழும்புத்துறைக் கரை வீதியில் ஓட்டின காலையை என் கண் இன்னும் விடவில்லை. சத்தமே இல்லை. வலை காயப் போட்டவர்கள் திரும்பிப் பார்க்கும்போது அவள் கடந்து போயிருந்தாள். நாய்கள்கூடக் குரைக்கப் பிந்திவிட்டன. அவளுக்கும் காருக்கும் இடையில் ஒரு விரல் போக இடமில்லை. திரும்பி வந்து இறங்கி, "ரீச்சர், பசிக்குது" என்றாள். அதுதான் அவள் காரைப் பற்றிச் சொன்ன விமர்சனம்.

போட்டி நடத்துகிறவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். காரும் ஓட்டுகிறவரும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது. காரை அவர்களே தராசோடு வந்து நிறுத்து, முத்திரை ஒட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு ஒரு ஆணியும் மாற்றக்கூடாது. ஓட்டுகிறவரைப் பந்தய நாளில் நிறுப்பார்கள். அவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று பிள்ளையையும் அந்தத் தராசில் ஏற்றிப் பார்த்திருக்கலாம். சேர் விடவில்லை. "ஆர் ஓட்டுறதெண்டு உவைக்கு இப்பவே காட்டக் கூடாது. போற வழியிலை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போவினம்." அவளை ஆய்வுகூடத்துப் பின்னறைக்குள், உடைந்த முக்காலிகளோடு வைத்துப் பூட்டினார். தராசு ஜீப்பில் ஏறிப் போன பிறகுதான் திறந்தார். இப்படி ஒளித்து வைத்துத்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளைச் சோதனைக்கும் படிப்பிக்கிறோம்.

கார் போக மிச்சம் நாற்பது கிலோ. ஓட்டுகிறவருக்கு நாற்பது. பள்ளிக்கூட நோயாளர் அறைத் தராசு யார் ஏறினாலும் ஒரே எண்ணைக் காட்டுகிற சமத்துவக்காரன். அப்போதுதான் அணித் தலைவன் சொன்னான். "எங்கடை சந்தியிலை குலைத் தராசு இருக்கு சேர். கிராம் பிசகாது." அவன் நீர்வேலி வாழைத் தோட்டக்காரரின் மூத்த மகன். அதிகம் கதைக்காதவன், எல்லாருக்கும் நல்ல பிள்ளை.

அப்படித்தான் கொக்கிக்குப் போனோம். நாற்பத்து நாலு.

"நாலு குறை," என்றார் சேர். "குறைச்சால் நீ. குறையாட்டித் தலைவன்ரை தம்பி."

"குறைக்கிறன் சேர்."

"நாக்கைக் குறை முதல்ல."

அவளுடைய தாய் கட்டிக் கொடுக்கிற சோற்றுப் பார்சலை வாங்கி ஆசிரியர் அறை அலுமாரியில் வைப்பது என் வேலையாயிற்று. இடைவேளையில் அரைவாசி கொடுப்பேன். பிறகு கால்வாசி. பிறகு மீனை மட்டும். மிச்சத்தை வேப்பமரத்தடியில் கொட்டுவேன். அந்த மாதங்களில் எங்கள் பள்ளிக்கூடத்துக் காகங்கள் கொழுத்துப்போயின. ஒரு காகம் என்னைக் கண்டால் வாசல்வரை வந்து கூட்டிக்கொண்டு போகும்.

பெடியள் அவளுக்கு முன்னால் இருந்து தின்றார்கள். மறைத்துத் தின்ன வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை; தோன்றியிருந்தால் இன்னும் கிட்ட வந்திருப்பார்கள். றோல்ஸைப் பிய்த்து ஆவியை அவள் பக்கம் ஊதுவான் ஒருவன். "மணத்திலை கொழுப்பு இல்லையடி, இழு." அவள் மூச்சை நன்றாக இழுத்து, "உன்ரை வாய் மணந்தான் வருது" என்பாள். அந்தப் பகிடிகள் மெல்ல மெல்ல மெலிந்தன. கடைசியில் அவள் சில்லுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் அடிக்க அடிக்க பம்பின் கைப்பிடியே அவளை மேலே தூக்கியது.

சனிக்கிழமைகளில் கொக்கி. நாற்பத்து மூன்று. அதே நாற்பத்து மூன்று. ஒருநாள் நாற்பத்து இரண்டு, அன்று சேர் அவளுக்கு ஒரு இதரைப்பழம் வாங்கிக் கொடுத்து, உரித்து, முக்கால்வாசியைத் தானே தின்றார். சேர் கெட்டவர் என்று எழுதினால் இலகுவாய் இருக்கும். ஞாயிறில் தேவாலயப் பாடகர் குழுவில் மற்றக் குரல்களைத் தாங்குகிற அடித்தொண்டை அவருடையது. ஒவ்வொரு பரீட்சார்த்த ஓட்டத்துக்கு முன்னும் கண்ணை மூடி, எங்கள் பாரங்களை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று மனதாரச் செபிப்பார். ஆண்டவர் எடுத்துக்கொண்டிருந்தார், ஒரு பிள்ளையின் கன்னத்திலிருந்து.

பிறகு ஒரு புதினம் நடந்தது. அவள் தன்னுடைய அச்சுக்குள் பொருந்தாமல் போனாள். சேற்றில் பதிந்த முதுகு அகலமாய் அப்படியே இருந்தது. படுத்த முதுகு சுருங்கிவிட்டது. வளைவில் கார் ஒரு பக்கம் திரும்ப, அவள் உள்ளே மறுபக்கம் அடிபட்டாள். தோளெலும்பு நீலம் பாரித்தது. தலைவன் இரண்டு பக்கமும் பஞ்சை வைத்து அடைத்தான். "இப்ப சரியோ?" என்றான். "முட்டைப் பெட்டிக்குள்ளை முட்டை மாதிரி இருக்குது அண்ணை" என்றாள். அவளுக்கு அவனில் ஒரு மரியாதை. பள்ளிக்கூடத்தில் அவள் அண்ணை என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவன்தான்.

பந்தயத்துக்கு முந்தின சனி வியாபாரி பெட்டியைப் பார்த்தார், ஒருமுறை கண்ணைக் கசக்கினார், "நாப்பது" என்றார். அவள் கொக்கியை விட்டுக் குதித்தாள், நிற்கவில்லை, அப்படியே குலைகளுக்கு நடுவில் குந்திவிட்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பெடியள் கைதட்டிக்கொண்டு முன்னால் நின்றார்கள்.

தெற்குத் திடலில் வெயில் வேறு மாதிரி. எங்களுக்குத் தெரியாத மொழியில் ஒலிபெருக்கி அன்பாகக் கத்தியது. காரின் முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பிள்ளையைத் தராசில் ஏறச் சொன்னார்கள். இது நிலத்தில் வைக்கிற தராசு. எண் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய சிவப்பில் எரியும். அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினாள். தலைமயிர்க் கிளிப்பையும் கழற்றி என் கையில் தந்தாள்.

நாற்பத்து நாலரை.

இறங்கி ஏறச் சொன்னார்கள். நாற்பத்து நாலரை. நீர்வேலியில் முதல்நாள் கேட்ட எண், அரைக் கிலோ வட்டியோடு.

பிறகு சேர் மிக மெதுவாகக் கேட்டார். "என்ன திண்டனி?"

"ஒண்டும் தின்னேல்லை சேர்."

"ஒரு கிழமைக்குள்ளை நாலு கிலோ காத்திலையோ வந்தது?"

"தின்னேல்லை சேர்."

ஒரு பெடியன் அவளுடைய பையை எடுத்துத் திறந்தான். நான் நின்றேன், அவன் திறந்தான். உடுப்புக்கு அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றின பொட்டலம். பனங்காய்ப் பணியாரம், எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் தெரிகிற தாள். முடிச்சு அவிழ்க்கவே இல்லை. "ஓடி முடியத் தின்ன எண்டு அம்மா தந்தவ" என்றாள். அவிழாத முடிச்சை ஒருவரும் பார்க்கவில்லை. பொட்டலத்தைத்தான் பார்த்தார்கள். சேர் அதைத் தூக்கி மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவருக்கும் காட்டினார், விளங்காத மொழியில் விளங்குகிற முகத்தோடு.

"எங்களை வித்துத் திண்டிட்டுது உது," என்றார்.

அவள் தலைவனைப் பார்த்தாள். "அண்ணை, சனிக்கிழமை நாப்பது தானே. நீங்களும் நிண்டனீங்கள்தானே."

"ஓம், நாப்பதுதான் சொன்னவர்," என்றான் அவன். அது பொய்யில்லை. மாற்றாளாகக் கூட்டி வந்திருந்த தம்பியைக் கூப்பிட்டு, தராசில் ஏற்றி இறக்கி, தலைக்கவசத்தை மாட்டினான்.

தம்பி அவளுடைய அச்சுக்குள் படுத்தான். பஞ்சை இன்னும் அடைத்தார்கள். அவளுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: ஓரத்தில் நின்று சுற்றுக் கணக்கு அட்டை காட்டுவது. பற்றறி கடைசிவரை போதாது என்று பாதி நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "காலை எடு, காலை எடு, வளைவு வருது, காலை எடு" என்று அட்டையை மறந்து கம்பி வேலியைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே நின்றாள். அவன் காலை எடுக்கவில்லை. பிறேக் பிடித்தான், மிதித்தான், பிடித்தான், மிதித்தான். முடிகிறதற்குக் கொஞ்ச நேரம் இருக்க, கார் எங்களுக்கு நேர் முன்னால் வந்து, வலிப்பு நின்ற ஆள் மாதிரி அமைதியாக நின்றது. பற்றறி காலி. மற்றக் கார்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் போயின.

அவள் சிரித்தாள். நல்ல பெரிய சிரிப்பு, வேலியைப் பிடித்துக் குனிந்து குனிந்து. வடக்கிலிருந்து வந்த எல்லாருக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் பிறகு பள்ளிக்கூடம் மன்னிக்கவில்லை, பணியாரத்தை அல்ல.

ஒரு பரிசு கிடைத்தது. சிறந்த உடல் வடிவமைப்பு. மேடையில் சேரும் தலைவனும் ஏறி வாங்கினார்கள். படத்தில் காரோடு எல்லாரும் நிற்கிறார்கள். படம் எடுத்தது அவள், என்னுடைய போனில்.

திரும்பி வருகிற வழியில் பஸ் ஒரு கடையில் நின்றபோது அவள் இறங்கவில்லை. பொட்டலத்தை யன்னலால் வெளியே நாய்க்குப் போட்டாள். நாய் தாளோடு தின்றது.

அதற்குப் பிறகு அவள் குழுவில் இல்லை. வகுப்பில் பின் வாங்கில் இருந்தாள். "பணியாரம்" என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள், எதற்காக என்றே தெரியாது.

மழைக்காலம் முடிகிற நேரம் எங்கள் வளவில் ஒரு கப்பல்வாழை குலை தள்ளி முற்றியது. தின்ன ஆளில்லாத வீடு. விற்றால் என்ன என்று ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அதே கொட்டகைக்குப் போனேன். கொக்கியில் மாட்டினார்கள். வியாபாரி பெட்டியைப் பார்த்து, "பதினெட்டு" என்றார். காசைத் தரும்போது எனக்கு ஏதோ குறைவாய்ப் பட, எட்டிப் பெட்டியைப் பார்த்தேன். இருபது என்று எரிந்தது.

"இருபதெல்லோ காட்டுது?"

"ஓம் ரீச்சர். கழிவு போகப் பதினெட்டு." என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இவ்வளவு படித்துவிட்டு என்பதுபோல். "பத்துக்கு ஒண்டு கழிவு. தண்டு, அழுகல், வாடல் எல்லாத்துக்கும். எங்கடை சந்தையிலை ஆண்டாண்டு காலமா அப்பிடித்தானே. வாய் தன்ரை பாட்டிலை கழிச்சுத்தான் சொல்லும்."

"பிள்ளையளைத் தூக்கினாலும் கழிச்சோ சொல்லுவியள்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "கொக்கியிலை தொங்கினால் குலைதானே ரீச்சர்," என்றார்.

அப்படியானால் அந்தப் பிள்ளை முதல்நாளே ஐம்பதுக்குக் கிட்ட. நாற்பது என்று குதித்தபோது நாற்பத்து நாலரை. ஒரு பருக்கை களவு இல்லை. கரைத்தது முழுக்கக் கரைத்ததுதான்.

மறுநாள் ஆய்வுகூடத்தில் சேரிடம் சொன்னேன். சேர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "பத்து வீதம்," என்றார். "சரியா வருது." ஒரு கணக்குச் சரியாக வந்த சந்தோஷம் முகத்தில் வந்து போனது. பிறகு சிரித்தார். "அப்ப உது பணியாரம் இல்லை. கழிவு." அந்தச் சொல் அன்று பின்னேரத்துக்குள் வகுப்புக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பழைய பட்டத்தைக் கழற்றி இதை மாட்டினார்கள். குப்பைக்கும் அதே சொல், மலத்துக்கும் அதே சொல்; எங்கள் தமிழ் சிக்கனமானது.

தலைவனை விறாந்தையில் நிறுத்திக் கேட்டேன். "மோனை, நீ வாழைத்தோட்டத்துப் பிள்ளை. உனக்குக் கழிவு தெரியாதோ?"

"தெரியும் ரீச்சர்."

"அப்ப?"

"எங்கடை ஊரிலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஒருத்தரும் கேக்கேல்லை." அவன் கண் என் கண்ணை விட்டு விலகவில்லை. வெட்கமும் இல்லை, திமிரும் இல்லை. மழை வரும் என்று தெரிந்தும் அடுத்த வளவுக்காரன் உடுப்பை எடுக்கச் சொல்லாத முகம். "தம்பியும் ஆசைப்பட்டவன்," என்றான் பிறகு, அதுவும் ஒரு தகவல் என்கிற மாதிரி.

அடுத்த வருஷத்துக்குள் அந்தத் தம்பி பனை மாதிரி வளர்ந்துவிட்டான். குரல் உடைந்து, கால் நீண்டு, காருக்குள் முழங்கால் மூடியில் இடித்தது. சேர் என்னிடம் வந்தார். "உதை ஒருக்கா வரச் சொல்லுங்கோவன் ரீச்சர். ஓட்டத் தெரிஞ்சது அதுதானே. இந்த முறை நல்ல தராசிலை நிறுப்பம்."

கொழும்புத்துறைக்குப் போனேன். அவள் முற்றத்தில் நண்டு வலையிலிருந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். உடம்பு வைத்திருந்தாள், கன்னம் திரும்பி வந்திருந்தது. கொட்டகையில் நடந்ததையும் தலைவன் சொன்னதையும் சொன்னேன். கழிவு என்ற சொல்லை ஏற்கெனவே கேட்டிருந்தாள், அர்த்தம் மட்டும் தெரியாமல் இருந்தது. கை வலையிலேயே இருந்தது.

"அண்ணைக்கும் தெரியுமோ?"

"தெரியுமாம்."

பாசியைப் பிடுங்கினாள். பிடுங்கினாள். ஒரு கண்ணி அறுந்தது. "ஓட்டலாமெண்டோ சேர் சொன்னவர்?"

"ஓம். குறைச்சால்."

"எவ்வளவு?"

நான் சொன்னேன். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள், மணிக்கட்டை மற்றக் கைவிரலால் சுற்றி அளந்தாள், பழைய பழக்கம்போல. அவளுக்கு ஓட்ட ஆசை இருந்தது. முகத்தில் அது தெளிவாக, அசிங்கமாக, பசி மாதிரித் தெரிந்தது. அப்போது அவள் ஓம் என்று சொல்லியிருந்தால் நான் மறுபடியும் அலுமாரியைத் திறந்து சோற்றுப் பார்சலை வாங்கி வைத்திருப்பேன்.

"நாளைக்கு வாறனெண்டு சொல்லுங்கோ," என்றாள்.

வந்தாள். ஆய்வுகூடத்து முற்றத்தில் கார் நின்றது, எல்லாரும் சுற்றி நின்றார்கள். சேர் உற்சாகமாக, "வா பிள்ளை, வா. தராசு எடுப்பிச்சிருக்கு" என்றார்.

"தராசு வேண்டாம் சேர். காரிலை குறைப்பம்." கையில் ஆணி கழற்றுகிற மாமாவின் சாவி இருந்தது. குனிந்து ஆணிகளைக் கழற்றத் தொடங்கினாள். ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. கழற்றுவது எங்கள் வழக்கம்தானே, பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி ஆணி கழன்றதும் நீல உடம்பை, இருக்கையோடும் மூடியோடும், இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்தாள். கீழே பழைய கேற்று படுத்துக் கிடந்தது.

"எங்கை கொண்டு போறாய்? உது பள்ளிக்கூடச் சாமான்."

"உது மாமான்ரை சேர். சேறு எங்கடை கரைச் சேறு. முதுகு என்ரை."

"உது இல்லாமல் என்னண்டு ஓடுறது?"

"எது இல்லாமலும் ஓடுமெண்டு நீங்கள்தானே கேக்கிறனீங்கள்." தலைவனுக்கு முன்னால் வந்தபோது நின்றாள். அவன் விலகி வழி விட்டான். "ஒரு எட்டுக் கிலோ வரும் அண்ணை," என்றாள். "கழிவு போக."

வாசலில் மாமா லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு நின்றார். அவள் அதன் பின்பெட்டியில் நீல உடம்பை ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறி இருந்தாள். ஓட்டியது மாமா. அவளுக்கு அது வலித்தது என்று நான் நினைக்கிறேன். வீதியின் முதல் வளைவில் அவளுடைய வலது கால் தானாகத் தூக்கியதைக் கண்டேன்.

குழு நிற்கவில்லை. அலுமினியத் தகடு அடித்து வேறு உடம்பு செய்தார்கள், அது மூலையெல்லாம் வெட்டும். ஒன்பதாம் வகுப்பில் இன்னொரு சின்னப் பிள்ளை கிடைத்தது. நான் பொறுப்பை விட்டுவிட்டேன். சோற்றுப் பார்சலை வாங்கி வைக்க வேறு ரீச்சர் வந்திருக்கிறா. வேப்பமரத்துக் காகங்கள் அவவையும் பழகிவிட்டன.

போன கிழமை கொழும்புத்துறைப் பக்கம் போனபோது அந்த வீட்டில் இறங்கினேன். நீல உடம்பு வேலியோரம் கிடந்தது, மூடி ஒரு பக்கம் திறந்தபடி. உள்ளே, அந்த முதுகு பதிந்த பள்ளத்தில், கோழி ஒன்று அடை கிடந்தது. பஞ்சைக் கொத்திக் கொத்தித் தனக்குத் தக்க மாதிரி ஆக்கியிருந்தது. மூடியில் பள்ளிக்கூட இலச்சினை இன்னும் அழியவில்லை.

அவள் குசினியிலிருந்து சட்டியோடு வந்தாள். நண்டுக்குழம்பு, முருங்கையிலை போட்டது. தட்டில் சோற்றைக் குவித்து என் முன்னால் வைத்தாள். காணும் காணும் என்று கையைக் காட்டினேன்.

"தின்னுங்கோ ரீச்சர்," என்றாள், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே. "இங்கை ஒருத்தரும் நிறுக்க மாட்டினம்."